பழைய சுரங்க வாயை அடைக்கலாமா? காற்றும் நீரும் குறித்து விளக்கம் வேண்டுகிறேன்

பந்தலூர்க்காரர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்புக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்கும் சரிவில், 1880 வாக்கில் தங்கம் தேடிக் குடைந்த சுரங்கம் ஒன்று இருக்கிறது. ஆள் குனியாமல் நுழையலாம். இருவர் ஒட்டி நடக்கும் அகலம். நீலகிரியின் தேவாலா, நாடுகாணி, பந்தலூர் வட்டாரத்தில் இத்தகைய வாய்கள் பல உண்டு என்பதை இங்குள்ளோர் அறிவீர்கள். பிள்ளைகள் உள்ளே போய்விடக் கூடாது என்பதற்காக இதன் வாயைக் கல்லும் சிமெண்டும் வைத்து முழுதாக அடைத்துவிடலாம் என்று ஊர்க்கூட்டத்தில் பேசி, பணமும் ஓரளவு சேர்த்துவிட்டோம்.

எனக்கு மட்டும் ஒரு தயக்கம். ஜூன் மாதம் மழை பிடித்துவிட்டால் சுரங்கத்திலிருந்து செந்நிற நீர் கணுக்கால் அளவு வெளியே ஓடி வருகிறது. மழை ஓய்ந்து வெகு நாட்கள் ஆன பிறகும் கசிவு நிற்பதில்லை. வெயில் காலத்து நண்பகலில் வாய்க்கு முன்னால் நின்றால் குளிர்ந்த காற்று காலில் படுகிறது. பழைய நிலக்கரிச் சுரங்கங்களில் காற்றையும் நீரையும் எப்படிக் கையாண்டார்கள், அந்த அறிவு எங்கள் ஊர்ச் சுரங்கத்துக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைத் தொழில் தெரிந்தவர்கள் விளக்கினால், அடுத்த கூட்டத்தில் எடுத்துச் சொல்வேன்.

கோத்தகிரி ஓய்வாளர்

ராணிகஞ்ச் வட்டாரத்து நிலத்தடி நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: தயவுசெய்து வாயை முழுதாக அடைக்காதீர்கள். காரணம் நீளமானது, பொறுமையாகப் படியுங்கள்.

மலைக்குள் குடைகிறவனுக்கு முதலில் எதிர்ப்படுவது நீர். பள்ளத்தாக்கின் பக்கத்திலிருந்து உள்நோக்கி மெல்ல ஏறும்படி குடைந்தால், ஊறும் நீரெல்லாம் தானே வடிந்து வெளியே வந்துவிடும். இறைக்க ஆளும் வேண்டாம், எந்திரமும் வேண்டாம். இங்கிலாந்தின் பழைய நிலக்கரிக் குழிகள் பலவற்றை இப்படிப்பட்ட வடிகால் சுரங்கங்களே நெடுங்காலம் காப்பாற்றின. வடிகாலின் மட்டத்துக்குக் கீழே உள்ள கரியை எடுக்க இறங்கியபோதுதான் தொல்லை பெருகியது. குதிரைகளைச் சுற்றவிட்டு இறைத்தார்கள், அதுவும் போதவில்லை. 1712-இல் டட்லி அருகே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் தாமஸ் நியூகோமன் நிறுவிய நீராவி எந்திரம், நிமிடத்துக்கு 12 முறை தண்டை அசைத்து, 50 மீட்டருக்குச் சற்றுக் குறைவான ஆழத்திலிருந்து நீரை மேலேற்றியது. நீராவி எந்திரம் தொழிலுக்கு வந்ததே சுரங்க நீரை இறைக்கத்தான் என்பதை நம் பள்ளிப் பாடங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விடுகின்றன.

காற்றுக்கு இரண்டு வழி வேண்டும், உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று. இரண்டு கிணறுகள் தோண்டி, ஒன்றின் அடியில் பெரிய உலையை இரவும் பகலும் எரியவிடுவார்கள். சூடான காற்று அந்தக் கிணற்றின் வழியே மேலே எழும்ப, மற்றக் கிணற்றின் வழியே புதுக்காற்று கீழே இறங்கும். உள்ளே பாதைகளின் குறுக்கே கதவுகளையும் துணித் தடுப்புகளையும் வைத்து, கரி வெட்டும் முகங்கள் எல்லாவற்றையும் தொட்டுச் செல்லுமாறு காற்றைத் திருப்பிவிடுவார்கள். அந்தக் கதவுகளைத் திறந்து மூடச் சிறு பிள்ளைகளை இருட்டில் உட்கார வைத்திருந்தார்கள். இரண்டாவது கிணற்றுக்குச் செலவழிக்க மனமில்லாத முதலாளிகள், ஒரே கிணற்றை நடுவில் பலகை வைத்துத் தடுத்து, ஒரு பாதி காற்று இறங்கவும் மறு பாதி ஏறவும் என்று விட்டுவிட்டார்கள்.

அந்தச் சிக்கனத்தின் விலை 1862 ஜனவரி 16 அன்று இங்கிலாந்தின் ஹார்ட்லி நிலக்கரிச் சுரங்கத்தில் தெரிந்தது. நீரிறைக்கும் எந்திரத்தின் 40 டன்னுக்கு மேற்பட்ட வார்ப்பிரும்பு உத்தரம் முறிந்து, அதில் பாதி கிணற்றுக்குள் விழுந்தது. பலகைத் தடுப்பையும் கிணற்றுச் சுவரையும் பெயர்த்துக்கொண்டு போய் நடுவில் அடைத்துக்கொண்டது. அந்த ஒரே கிணறுதான் மனிதர்களுக்கும் கரிக்கும் நீருக்கும் காற்றுக்கும் வழி. 204 பேர் மாண்டார்கள். கீழே சிக்கியவர்களைக் கொன்றது கார்பன் மோனாக்சைடு. அதே ஆண்டு இரண்டு வழிகள் இல்லாத நிலக்கரிச் சுரங்கம் இயங்கக் கூடாது என்று அங்கே சட்டம் வந்தது. நீருக்கான ஏற்பாடு காற்றை அடைத்துக் கொன்ற நிகழ்ச்சி இது.

எதிர்ப்பக்கமும் உண்டு. 1838 ஜூலை 4 அன்று யார்க்‌ஷயரின் ஹஸ்கர் சுரங்கத்தில், பெருமழைக்கு அஞ்சிய பிள்ளைகள் காற்றுவழியாக இருந்த சாய்வுப் பாதையில் வெளியேற முயன்றார்கள். அருகிலிருந்த ஓடை பெருகி அந்தப் பாதைக்குள்ளேயே பாய்ந்தது. காற்றைத் தடுக்க வைத்திருந்த கதவை வெள்ளம் அழுத்தி மூடிக்கொண்டது. 26 பிள்ளைகள் அந்தக் கதவுக்குப் பின்னால் மூழ்கிப் போனார்கள். எங்கள் பயிற்சி வகுப்பில் இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் அடுத்தடுத்து வைத்துச் சொல்லித் தருவார்கள். சுரங்கத்தில் காற்றைத் தனியாகவும் நீரைத் தனியாகவும் கணக்கிடுகிறவன் ஆளைக் கொல்வான் என்று எங்கள் மேற்பார்வையாளர் சொல்லுவார்.

அய்யன்கொல்லி அம்மா

ஐயா விரிவாகச் சொன்னதற்கு நன்றி. ஆனாலும் நான் அடைக்கத்தான் சொல்லுவேன். இந்தப் பக்கத்துச் சுரங்கங்களில் தங்கம் கிடைக்கும் என்று இரவில் இறங்கி மூச்சடைத்தும் மண் சரிந்தும் உயிரை விட்டவர்களின் செய்தி எங்களுக்குப் புதிதில்லை. தாய்மார்கள் தோட்டத்துக்குப் போன பிறகு பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? திறந்த வாய் திறந்த கிணற்றுக்குச் சமம்.

தங்கவயல் பேரன்

அம்மாவின் கவலை முழுக்க நியாயமானது. மூச்சடைப்பதற்கான காரணத்தைச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் தாத்தா கோலார் தங்கவயலில் அடியில் இறங்கி வேலை செய்தவர். இப்போது நாங்கள் கூடலூரில் இருக்கிறோம்.

நிலக்கரிச் சுரங்கத்தின் பேய் மீத்தேன். காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும். 1812-இல் இங்கிலாந்தின் ஃபெல்லிங் சுரங்கத்தில் 92 பேரை அதுதான் கொன்றது; அதன் பிறகே 1815-இல் ஹம்ஃப்ரி டேவி கம்பிவலை சூழ்ந்த விளக்கைச் செய்தார். நம் வயநாட்டுப் பக்கத்துப் பாறை பழமையான உருமாறிய பாறை. தங்கம் அதில் ஓடும் வெண்கல் (குவார்ட்ஸ்) படிவத்தில் இருந்தது. கரி இல்லாததால் மீத்தேனுக்கு இங்கே வழியில்லை.

இங்கே ஆபத்து ஆக்சிஜன் குறைவுதான். வெண்கல்லோடு சேர்ந்திருக்கும் இரும்புக் கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டுச் சிதையும்போது ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே முட்டுக்கொடுத்த மரம் இற்றுப்போகும்போது அதுவும் ஆக்சிஜனைத் தின்று கரியமில வாயுவை விடும். காற்று நகராத மூலையில் இது தேங்கும். பழைய தொழிலாளிகள் சுடரைப் பார்த்து இதை அறிந்தார்கள். ஆக்சிஜன் 16 அல்லது 17 விழுக்காட்டுக்கு இறங்கினால் மெழுகுவத்தி அணைந்துவிடும். தூர் வார இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் விழுந்த கிணற்று விபத்துகள் நம் மாவட்டங்களில் எத்தனை நடந்திருக்கின்றன! அதே வாயு, அதே முறை. நீர் செந்நிறமாக வருவதற்கும் அந்தக் கந்தகக் கனிமமே காரணம்: கரைந்த இரும்பு வெளிக்காற்றுப் பட்டதும் துருவாகப் படிகிறது. ஆகையால் அந்த நீரைக் குடிக்கவோ ஆடுமாடுகளுக்குக் காட்டவோ வேண்டாம். அக்காலத்தில் அரைத்த கல்லிலிருந்து தங்கத்தைப் பிடிக்கப் பாதரசம் பயன்படுத்தினார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வரலாற்றையும் சற்றுச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது இந்தக் கேள்வியோடு தொடர்புடையது. வெள்ளையர் வருவதற்கு வெகு காலம் முன்பே இந்த மலையில் உள்ளூர் மக்கள் தங்கம் எடுத்திருக்கிறார்கள். ஓடை மணலை அலசினார்கள். வெண்கல் படிவம் தரைக்கு வரும் இடங்களில் மேலிருந்து குழி இறக்கினார்கள். 1880-இல் பிரஃப் ஸ்மித் என்னும் நிபுணரின் அறிக்கை வெளிவந்ததும், லண்டனில் 30-க்கும் மேற்பட்ட கம்பெனிகள் தொடங்கப்பட்டு, கல் அரைக்கும் ஆலைகள் கப்பலில் வந்து இறங்கின. சில ஆண்டுகளில் எல்லாம் ஓய்ந்தது. அவர்கள் குடைந்த கிடைச் சுரங்கங்கள் பல, மேலே இருந்த பழங்குழிகளுக்கு அடியில் படிவத்தைப் பிடிப்பதற்காகப் போனவை. ஒரு சுரங்கத்துக்குக் கீழே ஒரு வாய் இருந்தால் மேலே இன்னொரு வாய் இருக்கக்கூடும் என்பதே நான் சொல்ல வருவது.

நெய்வேலி நண்பர்

நீரின் அழுத்தத்தைப் பற்றி யாரும் இன்னும் கணக்குச் சொல்லவில்லை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை ஓயாமல் இறைத்துக்கொண்டிருந்தால்தான் சுரங்கத்தின் தளம் பெயராமல் இருக்கும். அங்கே வேலை பார்த்த எங்களுக்கு நீரின் உயரம் என்றால் உடனே எடை நினைவுக்கு வரும்.

பந்தலூர்க்காரரின் வாய் 2 மீட்டர் உயரமும் 1.5 மீட்டர் அகலமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பரப்பு 3 சதுர மீட்டர். அடைத்த பிறகு உள்ளே நீர் தேங்கி, மேலே உள்ள குழிகளில் 20 மீட்டர் உயரத்துக்கு ஏறி நின்றால், ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 20 டன், சுவர் முழுவதிலும் 60 டன் தள்ளும். அழுத்தத்தைத் தீர்மானிப்பது உயரம்தான். ஒரு குறுகலான குழியில் நிற்கும் நீரும் ஏரியில் நிற்கும் நீரும் சமமாகவே தள்ளும். சுவர் தாங்கினாலும் சுற்றியுள்ள செம்மண் தாங்க வேண்டுமே? வாய்க்கருகே பாறை மக்கி மண்ணாக இருக்கும். நீர் சுவரைச் சுற்றிக்கொண்டு சரிவையே ஊறவைத்துப் பெயர்க்கும். 2009 நவம்பர் மழையில் நம் மலைச்சரிவுகள் என்ன ஆயின என்பதை நினைத்துப் பாருங்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அப்படி ஒரு நாள் பந்தலூருக்கும் வரலாம்.

கோத்தகிரி ஓய்வாளர்

நெய்வேலி நண்பர் சொன்ன கணக்கு சரி. கைவிடப்பட்ட சுரங்கத்தில் தேங்கிய நீர் என்றால் எங்கள் தொழிலில் அனைவருக்கும் சாஸ்நாலா நினைவுக்கு வரும். 1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் அருகே, மேலேயிருந்த பழைய சுரங்கத்தில் நிறைந்து நின்ற நீர் இடையிலிருந்த பாறையை உடைத்துக்கொண்டு கீழே இறங்கியதில் 370-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 1989-இல் ராணிகஞ்சின் மஹாபீர் சுரங்கத்திலும் பழைய வேலையிடத்து நீர்தான் புகுந்தது. அங்கே மேலிருந்து துளையிட்டு, கூண்டு இறக்கி 65 பேரை உயிரோடு மேலே தூக்கினார்கள். பயன்பாட்டில் இல்லாத சுரங்கம் இறந்த சுரங்கம் ஆகிவிடாது. நீர் அதற்குள் ஆண்டுதோறும் வேலை செய்துகொண்டே இருக்கும்.

இனி பந்தலூர்க்காரரின் குளிர்காற்றுக்கு வருவோம். தங்கவயல் பேரன் சொன்ன மேல்வாய் உண்மையிலேயே இருக்கிறதா என்பதை உள்ளே ஓரடியும் வைக்காமல் கண்டறிய வழி இருக்கிறது. மலைக்குள் வெப்பநிலை ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கும். வெயில் நேரத்தில் உள்காற்று வெளிக்காற்றைவிடக் குளிர்ந்தும் கனத்தும் இருப்பதால் கீழ்வாய் வழியே வழிந்து வெளியேறும். ஜனவரி மாதத்து விடியற்காலையில் வெளியே உள்ளதே குளிர்ந்த காற்று; அப்போது ஓட்டம் திரும்பி, காற்று கீழ்வாயில் நுழைந்து மேல்வாய் வழியே போகும். ஒரே வாய் மட்டும் இருந்தால் வேறு விதமாக நடக்கும்: பகலில் தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று வெளியே வரும், அதே நேரத்தில் கூரையை ஒட்டி வெப்பக் காற்று உள்ளே போகும்.

எனவே வாய்க்கு வெளியில் நின்றுகொண்டு, நீளமான மூங்கில் கழியின் நுனியில் ஊதுவத்தியைக் கட்டி, முதலில் தரையருகிலும் பிறகு கூரையருகிலும் நீட்டிப் பாருங்கள். நண்பகலில் ஒருமுறை, விடியலில் ஒருமுறை. காற்று வீசாத நாளாக இருக்கட்டும்.

பந்தலூர்க்காரர்

செய்து பார்த்தோம் ஐயா. நண்பகலில் தரையருகே புகை எங்கள் பக்கம் படுத்துக்கொண்டு வந்தது. கூரையருகே நீட்டியபோதும் எங்களை நோக்கித்தான் வந்தது, வேகம் மட்டும் சற்றுக் குறைவு. விடியலில் கழியை நீட்டியதும் புகை நூல் பிடித்தாற்போல் மேலும் கீழும் ஒருசேர இருட்டுக்குள் போயிற்று. கூட வந்த பெரியவர், மேலே உண்ணிச்செடிப் புதருக்குள் ஓரிடத்தில் பனிக்காலக் காலைகளில் ஆவி எழும்புவதைத் தாம் சிறு வயதில் பார்த்ததாகச் சொன்னார்.

கோத்தகிரி ஓய்வாளர்

அப்படியானால் மேல்வாய் இருக்கிறது என்றே கொள்ளுங்கள். அந்தப் புதர்ப் பக்கம் உடனே பிள்ளைகளையும் மாடுகளையும் போகவிடாதீர்கள். மூடியிருக்கும் குழி திறந்திருக்கும் வாயைவிடக் கொடியது. மழை நீர் சுரங்கத்துக்குள் இறங்குவதும் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் இருக்கும்.

காற்றோட்டம் இருக்கிறது என்பதால் உள்ளே போகலாம் என்று மட்டும் யாரும் எண்ண வேண்டாம். முதன்மைப் பாதையில் காற்று நகர்ந்தாலும், பக்கவாட்டில் முட்டிக்கொண்டு நிற்கும் கிளைகளில் அது திரும்பிப் பார்க்காது. ஓட்டம் நாளில் இருமுறை திசை மாறும் வேளையில் சற்று நேரம் முழுதும் நின்றுவிடும். உலையும் விசிறியும் இல்லாமல் இயற்கைக் காற்றை மட்டும் நம்பியிருந்த பழைய சுரங்கங்களில், வெளிவெப்பமும் உள்வெப்பமும் சமமாகும் பருவங்களில்தான் சுடர்கள் மங்கின.

குன்னூர் கட்டடப் பணியாளர்

அடைப்பு வேண்டாம், கம்பிக் கதவு போதும் என்றே நானும் சொல்லுவேன். ஆனால் மெல்லிய குழாய் ஒன்றை வைத்துவிட்டுச் சுவர் கட்டலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். துரு கலந்த சேறு படியும் நீரில் நான்கு அங்குலக் குழாய் ஓரிரு மழைக்காலத்தில் அடைத்துக்கொள்ளும். பிறகு அது குழாய் இல்லாத சுவர்தான். வேறொரு ஊரில் தடுப்புச்சுவர் ஒன்றில் நீர் வெளியேறும் துளைகளைப் பூச்சு வேலையில் மூடிவிட்டார்கள், முதல் பெருமழையிலேயே சுவர் சாய்ந்தது.

கிடைக்கம்பிகளை ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் இடைவெளியில் பொருத்திய பூட்டுக் கதவு நல்லது. வௌவால்கள் பறந்து போய்வர முடியும், காற்று தடைபடாது, ஆள் நுழைய முடியாது. கதவின் அடியில் கல் பாவிய அகலமான வாய்க்கால் வேண்டும். மிதந்து வரும் இலையும் கிளையும் கம்பியில் சிக்கி அணைபோல் ஆகிவிடும் என்பதால், மழைக்கு முன்னும் மழைக்கு நடுவிலும் வாரிவிட ஒருவரைப் பொறுப்பாக வைக்க வேண்டும்.

அய்யன்கொல்லி அம்மா

பூட்டுக் கதவு என்றால் எனக்கும் சம்மதம். சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் கூட்டத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். மேலேயுள்ள குழிக்கு முதலில் வேலி போடுங்கள், கதவு வேலை அதற்குப் பிறகு ஆகட்டும்.

பந்தலூர்க்காரர்

ஊர்க்கூட்டம் முடிந்தது. முழு அடைப்பைக் கைவிட்டோம். வருவாய்த் துறைக்கும் வனத்துறைக்கும் கனிமவளத் துறைக்கும் ஒரே மனுவாக எழுதுகிறோம். மேல்குழியை அவர்கள் வந்து கண்டறிந்து வேலியிட வேண்டும். குழிக்கு மேல்பக்கம் மழைநீரைத் திருப்பிவிடும் பிறைவடிவ வாய்க்கால் வெட்ட வேண்டும். கீழ்வாயில் கம்பிக் கதவும் கல்வாய்க்காலும் அமைக்க வேண்டும். செந்நீரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். இவ்வளவுதான் கோரிக்கை. அதுவரை இரண்டு இடங்களிலும் முள்வேலி கட்டும் பொறுப்பை இளைஞர்கள் ஏற்றுக்கொண்டார்கள். சாவி இருவரிடம் இருக்கும் என்றும், அம்மா சொன்னபடி அதில் ஒருவர் பெண்ணாக இருப்பார் என்றும் முடிவாயிற்று.

ஓய்வாளர் ஐயாவிடம் இன்னும் ஒரு கேள்வி: மழைக்காலம் முழுவதும் வாயில் வரும் நீரின் அளவைக் குறித்து வைக்கச் சொல்லி ஒருவர் யோசனை சொன்னார். அதனால் பயன் உண்டா?

கோத்தகிரி ஓய்வாளர்

மிகுந்த பயன் உண்டு. வாய்க்காலில் அளவுகோல் ஒன்றை நட்டு, நாள்தோறும் ஒரே நேரத்தில் நீரின் உயரத்தையும் அன்றைய மழையையும் எழுதி வையுங்கள். மழை வலுத்தும் நீர் திடீரென்று குறைந்தால் உள்ளே எங்கோ கூரை சரிந்து அணைபோல் தடுத்திருக்கிறது என்று பொருள். அன்றே கீழ் வீடுகளில் உள்ளவர்களை அப்புறப்படுத்திவிட்டு அதிகாரிகளுக்குத் தெரிவியுங்கள். நீர் திடீரென்று கலங்கி மண்ணோடு வந்தாலும் அப்படியே செய்யுங்கள்.